வீட்டு எதிர்க்கட்சி

"மாப்ளே, நாளைக்கு நீதான் எதிர்க்கட்சி" என்றார் நகரமன்றத் தலைவர், மனைவியின் தம்பியான தையல்காரரிடம்.

தையல்காரருக்கு ஊசி விரலில் ஏறிவிட்டது. அவரும் மன்ற உறுப்பினர்தான். ஆனால் இத்தனை வருடத்தில் டீ வந்துவிட்டதா என்று கேட்டதைத் தவிரக் கூட்டத்தில் வாயைத் திறந்தவரில்லை.

விஷயம் இதுதான். சிறந்த ஜனநாயக மன்றத்துக்குக் கேடயம் கொடுக்க மேலிடத்திலிருந்து ஓர் அம்மையார் வருகிறார். போன தடவை வந்தவர், இங்கே எதிர்த்துப் பேச ஓர் ஆள்கூட இல்லையே என்று உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போய்விட்டார். அந்தக் கேடயத்தை மாட்டத் தலைவர் தன் நாற்காலிக்குப் பின்னால் ஆணி அடித்துவைத்து மாதக்கணக்காகிறது.

"என்னைக் கிழிகிழின்னு கிழி. கடைசியில நம்பிக்கையில்லாத் தீர்மானமே கொண்டு வா. அந்தம்மா அசந்துடணும்."

"அத்தான், அது நெசமாவே ஜெயிச்சிட்டா?"

"அட போப்பா. நான் கை தூக்காம அங்க எவன் தூக்குவான்?"

அதுவும் உண்மைதான். தலைவர் கை மேலே போனால் எல்லாக் கையும் மேலே போகும். எதற்கென்று கேட்கிற கெட்ட பழக்கம் அங்கே யாருக்கும் கிடையாது.

அக்காதான் தம்பியை ஓரங்கட்டினாள். என்ன வேண்டுமானாலும் பேசிக்கொள், என் புருஷனை இறக்கக் கை தூக்கினாயோ, அப்புறம் என் வாசலை மிதிக்காதே என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் தையல்காரர் பொரிந்து தள்ளினார். குழாயில் தண்ணீர் எங்கே, தெருவிளக்கெல்லாம் தலைவர் வீட்டு வாசலிலேயே நிற்பானேன் என்று கேட்கக் கேட்க அவருக்கே ரோஷம் வந்துவிட்டது. பாவம், எல்லாமே நியாயமான கேள்விகள். அம்மையார் முகமெல்லாம் பல். தலைவருக்குப் பெருமை பிடிபடவில்லை. தீர்மானத்தை அவரே கணீரென்று படித்தார்.

"ஆதரிக்கிறவங்க கை தூக்கலாம்" என்றவர், சொன்ன வாயோடு, வருடக்கணக்கான பழக்கத்தில் தன் கையையும் தூக்கிவிட்டார்.

அவ்வளவுதான். மளமளவென்று கைகள் எழுந்தன. நாற்காலி போயிற்று.

அம்மையார் எழுந்து நின்று கைதட்டினார். "கேடயம் இந்த மன்றத்துக்குத்தான். எதிர்க்க ஓர் ஆளாவது இருக்காரே."

அவர் காட்டிய இடத்தில், தீர்மானத்தைக் கொண்டுவந்த தையல்காரர் மட்டும் அக்காவை நினைத்துக்கொண்டு, இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அழுத்தியபடி உட்கார்ந்திருந்தார்.