ஞானசீலன் ஆடிக் காட்டிய பாவம்

"இந்த ஆட்டத்தைத்தான் நீங்க ஆடக் கூடாது" என்று சொல்லிவிட்டு, ஞானசீலன் அந்த ஆட்டத்தை ஆடிக் காட்டத் தயாரானார்.

தாராவியில் தமிழ்க் கிறிஸ்தவ சபையின் கூடம். வாலிபர் கூட்டம். 'அமெரிக்கா கெட்ட கதை' என்று தலைப்பு. அறுபத்து மூன்றில் பம்பாய் முழுக்க ட்விஸ்ட் ஆட்டப் பைத்தியம் பிடித்திருந்தது. அதற்கு வைத்தியம் இந்தப் பேச்சு.

ஞானசீலன் கப்பல் கம்பெனியில் ஹெட் கிளார்க். சபைக் கமிட்டிக்குச் செயலாளர். ஐம்பது தாண்டியவர். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

பம்பாய்க் கோட்டைப் பகுதியில் இருக்கும் அமெரிக்க நூலகத்துக்குப் போய்ப் படித்துவிட்டு வந்திருந்தார்.

"நாப்பது வருசத்துக்கு முந்தி அங்க ஜாஸ்னு ஒரு சங்கீதம் பரவிச்சு. தெக்கேயிருந்து பொழைக்க ரயிலேறி வடக்கே போன கறுப்பு ஜனங்க கொண்டு போனது. நாம திருநெல்வேலியில இருந்து இங்க வந்த மாதிரின்னு வச்சுக்கிடுங்க. அதுல தப்பில்லை. தப்பு அதுக்கப்புறந்தான். பொம்பளைங்க முடியைக் கத்தரிச்சுக்கிட்டாவ. பாவாடை முழங்காலுக்கு ஏறிச்சு. சிகரெட் பிடிச்சாவ. இங்க மாதிரியே அங்கயும் மதுவிலக்கு. இங்க மாதிரியே அங்கயும் ஒளிஞ்சு குடிச்சாவ."

பின் வரிசையில் இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"ராத்திரி பூரா ஆட்டம். சார்ல்ஸ்டன்னு பேரு. எப்படின்னா..."

முழங்கால்கள் உள்ளே இடித்தன. பாதங்கள் வெளியே பறந்தன. கைகள் காற்றைத் துழாவின. மேடைப் பலகை தடதடத்தது.

கூடமே வாயைப் பிளந்தது.

"பாத்தியளா? இப்படி ஆடக் கூடாது."

"கால் எப்படிப் போச்சுன்னு சரியாத் தெரியலை ஐயா" என்றாள் முன் வரிசையில் இருந்த அன்னமேரி. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்ப்பவள். "தெரிஞ்சாத்தானே ஆடாம இருக்க முடியும்?"

நியாயமாகத்தான் பட்டது. இன்னொரு தடவை ஆடிக் காட்டினார்.

செய்தி பரவியது. செம்பூர்க்காரர்கள் கூப்பிட்டார்கள். சுனாபட்டிக்காரர்கள் டாக்சி வைத்து அழைத்துப் போனார்கள். கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஓர் இலக்கியச் சங்கத்தில் பேச்சு கொஞ்சம், ஆட்டம் மிச்சம்.

சபையின் பொருளாளர் தாவீதுக்கு இது பொறுக்கவில்லை. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மூச்சு வாங்க மாடியேறி, ஞானசீலன் வீட்டுக் கதவைத் தட்டினார். ஞானசீலனின் மனைவி லூசியம்மாள் திறந்தாள். உள் அறையிலிருந்து 'தட் தட்' என்று சத்தம்.

"அண்ணாச்சி எங்க மதினி?"

"உள்ள பாவத்தைப் பழகிக்கிட்டு இருக்காவ. உக்காருங்க தம்பி, டீ போடுதேன்."

தாவீது உட்காரவில்லை.

"சிரிக்காதிய மதினி. ஜாஸைத் திட்டுதேன்னு சொல்லிக்கிட்டு அண்ணாச்சி ஊர் ஊரா ஆடிக்கிட்டுத் திரியுதாவ. சுனாபட்டியில ரெக்கார்டு போட்டே ஆடினாவளாம். ஜனங்க 'ஒன்ஸ் மோர்' கேட்டுதாம். இவியளும் ஆடினாவளாம்."

"மூணு மட்டம் ஆடினாவ. நான் பாத்தேன்."

"நல்லாருக்கு. மாதர் சங்கத்துல ஜெபம் நடத்துதவிய நீங்க. வீட்டுக்காரரை ஆட விட்டுட்டு வேடிக்கை பாக்குதியளே. நாளைக்குக் கமிட்டியில சொல்லி அண்ணாச்சியைப் பதவியில இருந்து இறக்கப் போறேன். சபைக்கு ஒரு மரியாதை இருக்குல்லா?"

லூசியம்மாளின் முகம் மாறிவிட்டது. அந்தப் பதவிதான் ஞானசீலனுக்கு உயிர். அவள் போய் உள் அறைக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்தாள்.

"மெதுவாப் பேசுங்க தம்பி. போன மழைக்காலத்துல அவியளால இந்த மாடிப்படி ஏற முடியலை. முழங்கால் ரெண்டும் மரக்கட்டை. தினமும் மடக்கி நீட்டி அசைக்கலைன்னா கம்பு ஊனணும், பெறவு கட்டில்தான்னு சயான் ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லிட்டாரு. நடங்கன்னா நடக்க மாட்டாவ. உடற்பயிற்சி செய்யுங்கன்னா, 'நான் என்ன குஸ்திக்கா போறேன்'னு கோவம். கெஞ்சினேன், அழுதேன். ஒண்ணும் நடக்கலை."

"பெறவு?"

"ஊரைத் திருத்துத வேலைன்னா மட்டும் எவ்வளவு வேணும்னாலும் அசைவாவ. அதான் பாஸ்டர் ஐயாகிட்ட போய் அழுதேன். இந்தத் தலைப்பைக் கொடுத்தது ஐயா. ஆடிக் காட்டினாத்தான் ஜனங்களுக்கு உறைக்கும்னு தூபம் போட்டது நான். மேடை ஏறுததுக்கு முந்தி ரெண்டு மாசம் கதவைச் சாத்திக்கிட்டுக் கொஞ்சங் கொஞ்சமாப் பழகினாவ. இப்பக் கைப்பிடியைத் தொடாம மாடி ஏறுதாவ. விசயம் தெரிஞ்சா அன்னைக்கே நிறுத்திருவாவ."

தாவீது தொப்பென்று உட்கார்ந்தார். உள்ளேயிருந்து வந்த 'தட் தட்'டைக் காது கொடுத்துக் கேட்டார். கண் லேசாகக் கலங்கியது.

"நாளைக்குக் கமிட்டியில ஒண்ணும் பேசலை மதினி. அண்ணாச்சிகிட்டயும் மூச்சு விட மாட்டேன். எப்பேர்ப்பட்ட காரியம் பண்ணியிருக்கிய."

நாற்காலியில் இரண்டு கையையும் ஊன்றி, தொந்தியைச் சுமந்துகொண்டு, முனகியபடி எழுந்தார்.

லூசியம்மாள் அவரை இரக்கத்தோடு பார்த்தாள்.

"பாஸ்டர் ஐயா உங்ககிட்ட இன்னும் சொல்லலியா தம்பி? அடுத்த மாசம் 'ரஷ்யா கெட்ட கதை'. நீங்கதான் பேசுதிய. அங்க குந்தி உக்காந்துகிட்டே காலை உதறி உதறி ஆடுவாவளாம், அதையும் ஆடிக் காட்டணுமாம். உங்க வீட்டம்மா நேத்தே ஐயாவைப் பாத்து அழுதுட்டு வந்துட்டா."