இலவசத் திரை

அழக் கூடாது, அழுதால் எல்லாம் முடிந்துவிடும் என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். மேஜைக்கு அந்தப் பக்கம் மேனேஜர். நடுவில் அவளுடைய போன், பூட்டியபடி.

"நாலு நம்பர். அதச் சொல்லிட்டு நீ பாட்டுக்குப் போய் வேலையப் பாரு," என்றார் மேனேஜர்.

அந்த மருந்துக் கம்பெனியில் பன்னிரண்டு வருடமாகப் பாட்டில்களுக்கு லேபிள் ஒட்டுகிறவள் அவள். மூன்று மாதமாகக் கடைகளிலிருந்து ஒரு சரக்கு திரும்பி வந்துகொண்டிருந்தது. குழந்தைகளுக்கான இருமல் மருந்து, தேதி முடிந்தது. குடோனில் பாட்டிலைத் தண்ணீரில் ஊறப்போட்டுப் பழைய லேபிளை உரிப்பார்கள். இவள் புதுத் தேதி போட்டதை ஒட்டுவாள். போன மாதம் ஒரு மருந்துக்கடையில், இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒருத்தி அந்தப் பாட்டிலை வாங்கிப் பைக்குள் போட்டாள். லேபிளின் இடது ஓரம் லேசாக மேலேறியிருந்தது. அது தன் கைக்கோணல் என்று பார்த்ததுமே தெரிந்தது. கொடுக்காதே என்று சொல்ல வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து மூன்று தடவை கை கழுவினாள்.

இப்போது மருந்து ஆய்வுத் துறைக்கு யாரோ புகார் செய்யப் பார்க்கிறார்கள் என்று மேனேஜருக்குத் தெரிந்துவிட்டது. கண்டுபிடித்தவன் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவன். இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா ஆன பிறகும் எல்லாருக்கும் அவன் 'ஒயர்' தான். கதவோரம் நின்று விளக்கினான். அக்கா போனில் இலவச வி.பி.என். ஒன்று இருக்கிறது, இணையத்தில் எங்கே போகிறோம் என்பதை மறைக்கிற ஆப். ஆனால் ஓசியில் கிடைப்பது அடிக்கடி அறுந்துவிடும். அறுந்த நேரத்தில் போன இடமெல்லாம் கம்பெனி வைஃபையில் பதிவாகிவிடும். ஆய்வுத் துறையின் புகார்ப் பக்கத்துக்கு அக்கா பதினோரு தடவை போயிருக்கிறார். எல்லாம் சாப்பாட்டு நேரத்தில்.

"டீ குடிக்கிறப்பவே சொன்னேனேக்கா," என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல். "சும்மா குடுக்கிறவன் நம்மள வித்துத்தான் சாப்பிடுவான், அது மறைக்காது, காட்டிக்குடுத்துடும்னு. கேட்டீங்களா?"

"கேட்டேன்," என்றாள்.

"கேட்ட லட்சணம் தெரியுது," என்றார் மேனேஜர்.

பெண்களைச் சோதிக்கிற கேட் அம்மாவையும் வரவழைத்திருந்தார்கள். அந்த அம்மா அவளுடைய பையை மேஜைமேல் கவிழ்த்தாள். சீப்பு, பஸ் பாஸ், கைப்பிடி உடைந்த குடை. வேறொன்றும் இல்லை. அப்படியென்றால் பாட்டில்களைப் படம் பிடித்துப் போனில்தான் வைத்திருக்கிறாள் என்று மேனேஜர் முடிவு கட்டினார்.

கேட் அம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "சார், ஷிப்ட் விடுற நேரம். பொம்பளைங்க பையெல்லாம் நான்தான பாக்கணும்."

"ஒரு நாள் பாக்கலன்னா கம்பெனி ஓடிப்போயிடாது. இவ போனத் திறக்கிற வரைக்கும் இங்கயே நில்லு. சாட்சிக்கு ஆள் வேணும்."

பிறகு அவர் குரலை இறக்கினார். அவளுக்காக இங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். குடோனில் லேபிள் உரிக்கிற சொந்த நாத்தனாரே ஒரு மாதமாக அவளோடு பேசுவதில்லையே என்றார். "காலைல விசாரிச்சேன். அண்ணி பேச்சையே எங்கிட்ட எடுக்காதீங்கன்னுட்டா. வீட்டுலயும் உனக்கு இதே மரியாதைதானா?"

அவள் சீப்பையும் பஸ் பாஸையும் எடுத்துப் பைக்குள் போட்டாள்.

பன்னிரண்டு வருடத்தில் இந்த அறையில் அவள் சொன்னது ஒரே வார்த்தை. சரி சார். லீவு இல்லை என்றபோதும் சரி சார், புதுத் தேதி ஒட்டு என்றபோதும் சரி சார். இப்போதும் அது நாக்கு நுனிக்கு வந்து பழகிய நாய்போல நின்றது. அவள் அதை உள்ளே விரட்டினாள். மூன்று மாதமாக வயிற்றில் கிடந்த பயத்தைத் தேடிப் பார்த்தாள். அதைக் காணோம். நாளைக்கு வேலை இருக்காது என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

"படத்த எல்லாம் அழிச்சிடு," என்றார் மேனேஜர். "தெரியாமப் பண்ணிட்டேன்னு ஒரு வரி எழுது. அடுத்த மாசமே நீ சூப்பர்வைசர்."

"அக்கா, சொல்லிடுங்கக்கா," என்றான் ஒயர்.

மணி அடித்தது. ஜன்னலுக்கு வெளியே, பையைத் திறந்து பார்க்க ஆள் இல்லாத கேட்டில் பெண்கள் நேராக வெளியேறிக்கொண்டிருந்தார்கள். நடுவில் நாத்தனார், கையில் சாப்பாட்டு டப்பா. ஜன்னல் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், ஒரு மாதமாகப் பேசாதவள் மாதிரியே போனாள். அந்த ஒரு மாதமாக உரித்து, காயவைத்து, ஒளித்துவைத்த பழைய தேதி லேபிள்கள் அத்தனையும் அந்த டப்பாவுக்குள் இருந்தன.

"கடைசியாக் கேக்கிறேன். நம்பர் சொல்லுவியா, மாட்டியா?"

போனில் பாட்டில் படம் ஒன்றுகூட இல்லை. இருந்தது அந்த ஓசி ஆப் மட்டும்தான். காட்டிக்கொடுத்துவிடும் என்று ஒயர் சொன்ன அன்று சாயங்காலமே, அதற்காகவே அவள் போட்டது.

"மாட்டேன் சார்," என்றாள் மெதுவாக. நாத்தனார் ஏற வேண்டிய, ஆய்வுத் துறை ஆபீஸ் வழியாகப் போகிற பஸ் வர இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது.