நீலம் போதாது

“நீலம் போதாது மோனே” என்றார் ரம்லத் இத்தா, மூன்றாவது தடவையாக.

மாதிரித் தாளை என் மேசைமேல் வைத்தார். நாலு வயதுப் பையன் ஒருவன் அதில் சிரித்துக்கொண்டிருந்தான். சிவந்த உதடு, பளிச்சென்ற கன்னம். குறை சொல்ல இடமே இல்லை.

“எங்க போதாது இத்தா? சட்டையிலயா?”

“உதட்டுல.”

தகடு எடுக்கும் ஷைனி சிரிப்பை அடக்கத் தலையைக் குனிந்துகொண்டாள்.

குன்னங்குளம் அச்சகத்தில் எனக்கு இது பத்தாவது வருடம். இன்னும் சிவப்பு வேண்டும், இன்னும் வெளுப்பு வேண்டும் என்று சண்டை போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பிள்ளையின் உதட்டை நீலமாக்கச் சொன்ன தாயை அன்றுதான் பார்த்தேன்.

போனில் எடுத்த படம் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று வெளிச்சங்களால் ஆனது. அச்சு இயந்திரத்துக்கு அது புரியாது. நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று நாலு மை கேட்கும். படத்தைப் பிரித்து, மைக்கு ஒரு தகடாக மாற்றி, எல்லாவற்றையும் மறுபடி சேர்த்துக் காட்டுவது நான் எழுதிய நிரல்.

அதில் என் கைச்சரக்கும் கொஞ்சம் உண்டு. முகம் எங்கே என்று அதுவே கண்டுபிடித்து, அங்கே நீல மையைக் குறைத்துச் சிவப்பைக் கூட்டிவிடும். முகத்தில் நீலம் ஏறினால் பிணக்களை வந்துவிடும் என்பது தொழிலில் எல்லோருக்கும் தெரியும். என் நிரல் வந்த பிறகு இந்த ஊர்க் கல்யாணப் பெண்கள் அத்தனை பேரும் வெட்கப்பட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

“இத்தா, நீங்க கொடுத்தது ஏதோ பழைய போன்ல எடுத்த படம். நிறமே சரியில்ல. அதைத்தான் சரி பண்ணியிருக்கேன்.”

“அவன் நிறத்துல இருக்கறது அந்த ஒண்ணுதான். அவன் மாமா எடுத்தது. என் போன்ல நூறு படம் இருக்கு. ஒண்ணுலகூட அவன் இல்ல.”

கண்ணாடி அறையிலிருந்து முதலாளி இட்டூப் சேட்டன் வெளியே வந்தார்.

“என்னடா ரின்ஸா, இன்னும் தகடு போகலையா? வெள்ளிக்கிழமை வேணும்னு கழுத்தைப் பிடிச்சது இவங்கதானே?”

“உதட்டுக்கு நீலம் வேணுமாம் சேட்டா.”

அவர் தாளை வாங்கிப் பார்த்தார். “தக்காளி மாதிரி இருக்கானே. ஆளைக் கூட்டிட்டு வாங்க, பக்கத்துல நிறுத்திப் பாத்துரலாம்.”

“அவன் மௌத்தாகி ரெண்டு வருஷம் ஆச்சு” என்றார் இத்தா.

இட்டூப் சேட்டன் தாளை மெதுவாக மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். ஷைனியும் நிமிரவில்லை.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்தேன். படம் மட்டும்தான் என் கைக்கு வரும், எழுத்து வேலை மாடியில் நடக்கும். ஆக இது நினைவுநாள் நோட்டீஸ். துக்கம் இருக்கிற இடத்தில் பிடிவாதமும் இருக்கத்தான் செய்யும்.

“போன பிள்ளை இத்தா. நாலு பேர் பாக்கறப்ப நல்லா இருக்கட்டுமே” என்றேன், எனக்குத் தெரிந்த இதத்தோடு.

“நீ போட்ட சிவப்பை எடுக்க முடியுமா, முடியாதா?”

முடியும். ஒரே ஒரு வரிதான். அதை நிறுத்திவிட்டு நாலு நிறத்தையும் மறுபடி சேர்த்தேன்.

திரையில் பையன் மாறினான். நாவல்பழம் தின்றதுபோல இருந்தது உதடு. கன்னத்தில் ஊன்றியிருந்த கையின் நகங்களும் அதே நிறம்.

இத்தா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார்.

“மிஷாலே” என்றார், கூப்பிட்டால் திரும்பிவிடுவான் என்பதுபோல.

வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னிடம் சொன்னார். “கண்ணை மூடினாலும் போன்ல இருக்கற அந்தச் சிவப்புப் பையன்தான் வர்றான் மோனே. இவன் வரவே மாட்டேங்கறான். ரெண்டு வருஷமா இவனைத்தான் தேடறேன்.”

“இதைப் பெரிய படமா போட்டுத் தரேன் இத்தா, வீட்டுல மாட்டிக்குங்க. எனக்கு ஒண்ணும் தர வேண்டாம். ஊருக்குக் கொடுக்கற நோட்டீஸ்ல மட்டும் சிவப்பே இருக்கட்டும். இதைப் பாத்தா ஜனங்க பயந்துடுவாங்க.”

“பயப்படணும்.”

பையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் முன்னால் விரித்தார். மாடிக்குக் கொடுத்த எழுத்தின் நகல், அவருடைய கையெழுத்தில்.

‘உங்கள் பிள்ளையின் உதடும் நகமும் இந்த நிறத்தில் இருக்கின்றனவா? இன்றைக்கே இதய மருத்துவரிடம் காட்டுங்கள்.’ அடியில், எல்லா அங்கன்வாடிகளிலும் ஒட்ட ஐந்நூறு பிரதிகள் என்று குறித்திருந்தார்.

“நானும் சொன்னேன், பிள்ளைக்கு உதடு நீலமா இருக்குன்னு. அவன் வாப்பா கத்தார்ல. ‘படம் அனுப்பு, பாக்கறேன்’னுவாரு. என் போனும் உன்னை மாதிரிதான், முகத்தைக் கண்டா சிவப்பாக்கிடும். ‘நல்லாத்தானே இருக்கான், உனக்குத்தான் வீண் பயம்’னுவாரு. பாத்துப் பாத்து எனக்கே அப்படித்தான் தோண ஆரம்பிச்சுது.”

நான் திருத்திக் கொடுத்த மாதிரித் தாளை என் பக்கம் தள்ளினார்.

“அந்தச் சிவப்பை நம்பித்தான் மோனே, ஒரு வருஷம் ஆஸ்பத்திரிக்குப் போகாம இருந்தோம்.”