கதவு திறந்திருக்கு!

"தினமும் ஒரே அலாரம். தினமும் அதை அமுக்கிட்டு அரை மணி நேரம் போன்ல அரட்டை. இதுக்கா சம்பளம்?"

புது அதிகாரியம்மா பொரிந்து தள்ளினார்.

நகரத்தின் தண்ணீர்க் குழாய்களையும் தொட்டிகளையும் சுவர் நிறையத் திரையில் காட்டும் கட்டுப்பாட்டு அறை அது. மேட்டுத் தொட்டிக்கு நேரே ஒரு சிவப்பு விளக்கு கண்ணடித்துக்கொண்டிருந்தது. பம்ப் அறைக் கதவு திறந்திருக்கிறதாம்.

"அது சும்மா மேடம்," என்றார் ஆபரேட்டர். "அங்க தாழ்ப்பாள் லூசு. காத்தடிச்சா திறந்துக்கும்."

"அப்போ ரிப்பேருக்கு ஏன் சொல்லல?"

ஆபரேட்டர் தலையைச் சொறிந்தார்.

"மேட்டுல பம்ப்பைப் பாத்துக்கிற அண்ணன் ஒண்டிக்கட்டை மேடம். பேச ஆளே இல்ல. சும்மா கூப்பிட்டா, 'வேலை நேரத்துல என்ன வெட்டிப் பேச்சு'ன்னு வச்சிடுவார். அலாரம் அடிச்சா நான் கூப்பிட்டே ஆகணும், அது ரூல். அந்தச் சாக்குல நாலு வார்த்தை பேசுவேன். பாவம், மனுஷன் சந்தோஷப்படுவார்."

"நாளைக்கு நிஜமாவே எவனாவது உள்ள புகுந்தா? புலி வருது கதைதான்! உங்களுக்கு மெமோ நிச்சயம்."

சொன்னதோடு நிற்கவில்லை. மெக்கானிக்கை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு அவரே மேட்டுக்குப் போனார்.

மெக்கானிக் தாழ்ப்பாளை ஆட்டினார், இழுத்தார், தொங்கியும் பார்த்தார்.

"யானை முட்டினாலும் திறக்காது மேடம்."

அதிகாரியம்மா திரும்பினார். பம்ப்காரர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"காத்து இல்ல மேடம். நான்தான் திறந்து வைக்கிறேன்."

"என்னது!"

"கீழ அந்தத் தம்பி பாவம் மேடம். நாள் பூரா ஒத்தையா உக்காந்து சுவத்தையே பாத்துக்கிட்டிருக்கு. பேச்சுத் துணைக்கு யாருமில்ல. நானாக் கூப்பிட்டா, 'லைனை அடைக்காதீங்கண்ணே'ன்னு வச்சிடும். அலாரம் அடிச்சாத்தான் வாயைத் திறக்கும். எனக்கென்ன, எனக்கு இந்த மோட்டார் சத்தமே போதும். அந்தத் தம்பிக்காகத்தான்..."

அதிகாரியம்மாவுக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டார்.

"கதவைச் சாத்துங்க. இனிமே திறக்கவே கூடாது."

பம்ப்காரரின் முகம் தொங்கிப் போனது.

"அதுக்குப் பதிலா, கீழ இருந்து தினமும் உங்களைக் கூப்பிட்டு நிலவரம் கேக்கணும். இன்னையிலிருந்து இதுதான் ரூல்."

"எவ்வளவு நேரம் பேசலாம் மேடம்?"

"குறைஞ்சது அரை மணி நேரம்!"