மூடி வைத்த படம்

“ஐஸ்ல வெச்ச உயிரு திரும்ப வருமா?” என்று ஐவி அண்ணி ஒருநாள் என்னைக் கேட்டார். இன்று காலை ஈப்போ நகரத்துக் கருத்தரிப்பு ஆய்வுக்கூடத்திலிருந்து பதில் வருகிறது: மிஞ்சியிருந்த ஒரே கரு, உறைவிலிருந்து உயிரோடு மீண்டுவிட்டது, மாலையில் அண்ணியின் கருப்பையில் வைப்பார்கள். தோட்டத்து நாற்று மேடையில் அண்ணி நட்ட தேயிலைக் குச்சிகள் பிளாஸ்டிக் மூடிக்குள் இளவெயிலில் வியர்த்திருக்கின்றன. கருவின் படம் வந்த கைப்பேசியை அண்ணி உள்ளங்கையால் மூடிக்கொள்கிறார். “படந்தானே, பாருலா. புள்ள வெக்கப்படுமா?” என்று அகஸ்டின் அண்ணன் சிரிக்கிறார். “வேர் புடிக்கிறதுக்கு முன்ன இந்த மூடியத் தூக்கிப் பாப்பீங்களா நீங்க?” என்று அண்ணி கேட்கிறார். அண்ணனின் சிரிப்பு நிற்கிறது. தன் கம்பளித் தொப்பியைக் கழற்றி, கைப்பேசியோடு அண்ணியின் கையையும் போர்த்துகிறார். பிறகு காரை எடுக்கப் போகிறார்.