பின்சுவர்

வாகீசன் உடைத்த சுவரைப் பார்க்கப் பிரதேச சபைத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் குலசிங்கம் நேரிலேயே வந்திருந்தார். இரண்டு மாரிக்கும் கூரை ஒழுகியபோது வர வசதிப்படாதவர்.

ஓர் ஆள் குனிந்து நுழையுமளவு ஓட்டை. அதற்கப்பால் பூவரசு. அதற்கப்பால் ஆளில்லாத பனங்காணி.

முன்வாசலுக்கு அந்தத் தனிமை கிடையாது. அது இறங்குதுறையைப் பார்த்திருந்தது. குறிகட்டுவானுக்குப் போகும் படகுக்குக் காத்திருக்கும் சனம் முழுவதும் வாசிக்கும்படி மேலே பெரிய பலகை: ‘மனநல ஆலோசனை நிலையம். இரகசியம் பேணப்படும்.’

அந்தக் காலத்தில் ஒருவருக்கு மனம் குழம்பினால் ஊர் விதானையார் ஆளைக் கொழும்பு ஆஸ்பத்திரிக்கு ரயிலேற்றிவிடுவாராம். இப்போது தீவு முன்னேறிவிட்டது. மாதமொருமுறை டொக்டரே படகில் வருகிறார். மற்ற நாட்களுக்கு வாகீசன் இருக்கிறான். வணிகப் பட்டதாரி. சபையில் உட்காரக் கதிரை இல்லாததால் மனநலத்துக்கு அனுப்பப்பட்டவன். பயிற்சியும் கொடுத்தார்கள். பாதி நேரம் மங்கள விளக்கேற்றுவதிலும் மாலை போடுவதிலும் போயிற்று.

அறை முன்பு விசர்நாய்த் தடுப்பூசி போட்ட இடம். பொருத்தமென்று சபை நினைத்திருக்கலாம்.

திறந்த நாளிலிருந்து ஒருவரும் வரவில்லை. கழிப்பறை கேட்டு வந்தவர்களைச் சேர்க்காவிட்டால்.

பின்னால் ஒரு கதவு வேண்டுமென்று வாகீசன் சபைக்கு எழுதினான். சபை உடனே கவனமெடுத்து முன்பலகைக்குப் புதுப் பெயின்ற் அடித்தது. ஆள் வராவிட்டால் மார்கழியோடு நிலையத்தை மூடுவதென்றும் முடிவெடுத்தது.

அதன்பிறகுதான் அவன் அலவாங்கை எடுத்தான்.

“ஆரைக் கேட்டு உடைச்சனீர்? முன்னாலை வராத சனம் பின்னாலை வருமோ? கள்ளுக் கொட்டிலே இது?” என்றார் குலசிங்கம்.

“கள்ளுக் கொட்டிலுக்கு முன்னாலையே வருவினம், சேர்.”

குலசிங்கம் மேசன் பக்கம் திரும்பினார். அடைக்கவென்று சபை பிடித்து அனுப்பிய கிறிஸ்தோப்பர் காலையிலிருந்து மணல் அரித்துக்கொண்டிருந்தான். அரித்த மணலைத் திரும்பவும் அரித்தான். பிறகு தண்ணீருக்குப் போனான். வந்து, வாளி ஓட்டையென்று வேறு வாளிக்குப் போனான். சபை வேலையென்றால் எப்படிச் செய்யவேண்டுமென்று அவனுக்கு ஒருவரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

“கோயில் கோபுரமே கட்டுறீர்? பின்னேரத்துக்குள்ளை அடைச்சு முடிக்கவேணும்,” என்று அவன்மேல் பாய்ந்துவிட்டு, குலசிங்கம் டொக்டரை வரவேற்கத் துறைக்குப் போனார். அப்படியே அதே படகில் திரும்பியும் போனார்.

டொக்டர் முன்வாசலால் வந்து உட்கார்ந்தார். வெளியே அடுத்த படகுக்கு வரிசையில் நின்ற அத்தனை தலையும் திரும்பி, உள்ளே யார் போகிறார்களென்று பார்த்தது. ஒருவரும் போகவில்லை.

கிறிஸ்தோப்பர் அதற்குள் இரண்டு வரி கல் வைத்திருந்தான். அடுத்த கல்லைக் கையிலெடுத்தவன் கீழே வைத்துவிட்டு, பூவரசுப் பக்கம் பார்த்துத் தலையாட்டினான்.

முக்காடு போட்ட ஒரு பெண் அங்கிருந்து வந்தாள். அவன் கைகொடுத்தான். ஈரக் கல்லில் சேலை படாமல் அவள் மெல்லக் கடந்து டொக்டரின் அறைக்குள் போனாள்.

“என்ரை மனிசி, சேர். பிள்ளை தவறினாப் பிறகு நித்திரையில்லை.”

வாகீசன் அவள் போன அறையின் கதவை மெல்லச் சாத்தினான். அது பயிற்சியில் வரவில்லை.

“இதைக் கட்டி முடிக்க எத்தினை நாள் செல்லும்?” என்று கேட்டான்.

கிறிஸ்தோப்பர் வைத்த கல்லையும் பெயர்த்து எடுத்தான்.

“அது டொக்டரைத்தான் கேக்கவேணும்.”