மூன்று தட்டல்

பேட்டரி தீர்ந்து, கத்திரி லிஃப்ட் இருபதடி உயரத்தில் நின்றுவிட்டது. மேலே விளக்கு மாட்டிக்கொண்டிருந்த பொன்னுலிங்கத்தின் கையிலிருந்து நழுவி விழுந்த ஸ்பேனரைச் சகாயமேரி எடுத்து இடுப்பில் செருகினாள்.

"இப்படியே மிதிச்சு எறங்கிரட்டா?" மேலேயிருந்து கத்திக் கேட்டு, கத்திரிபோல் மடங்கி விரியும் லிஃப்டின் இரும்புக் கால்களைக் காட்டினான்.

"வேணாம்ணே. அசையாம நில்லுங்க. நான் பின்னாடி போயி எறக்குறேன்."

பின்பக்கம் போனால் அவன் தெரியமாட்டான். அங்கே ஓடும் தறிகளின் இரைச்சலில் கத்தினாலும் கேட்காது. அதற்காக அந்த மில்லில் ஒரு வழக்கம் இருந்தது. மேலே நிற்பவர் கையிலுள்ள கருவியால் இரும்பில் மூன்று முறை தட்டினால்தான் கீழே இருப்பவர் லிஃப்டை இறக்கும் அவசரப் பிடியை இழுக்கலாம்.

பிடியைப் பஞ்சு மூடியிருந்தது. நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுப்பதற்குள் வெகுநேரமாகிவிட்டது. பிறகு பிடியில் கைவைத்து, காதைத் தீட்டிக்கொண்டு குந்தியிருந்தாள்.

டங். டங். சற்றுப் பொறுத்து, டங்.

"சரிண்ணே" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு இழுத்தாள். லிஃப்ட் பெருமூச்சு விட்டு இறங்கத் தொடங்கியது. விரிந்திருந்த இரும்புக் கால்கள் ஒன்றையொன்று நெருங்கின.

நான்காவது டங் அவள் தலைக்கு நேர் மேலே, மடங்கும் கால்களுக்கு நடுவிலிருந்து, மிக அருகில் கேட்டது.

இடுப்பில் ஸ்பேனர் உறுத்தியது.